சிபில் ஸ்கோரும் கிரெடிட் கார்டும்: நெல்லைப் பக்கம் என்னிடம் கேட்ட கேள்விகள்

திருநெல்வேலி டவுனில் நாலைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதி, ஜிஎஸ்டி தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். வங்கியில் வேலை பார்த்தவன் இல்லை. என் ஸ்கோரே ஒரு காலத்தில் தரையில் கிடந்தது. அதைத் தூக்கி நிறுத்த அலைந்ததில் தெரிந்துகொண்டதுதான் இதெல்லாம். அந்தக் கதை 9-ஆம் கேள்வியில் வருகிறது.

கணக்கு கொடுக்க வருகிறவர்கள், எழுந்து போகும்போது வாசலில் நின்று "அண்ணாச்சி, இன்னொண்ணு கேக்கணும்" என்பார்கள். அந்த இன்னொண்ணு பெரும்பாலும் சிபில்தான். ஒரே பதிலை நூறு தடவை சொன்ன பிறகு, கேள்விகளை பில் புத்தகத்தின் பின்பக்கம் குறித்து வைக்க ஆரம்பித்தேன். கேட்டவர்கள் வாய்ப்பேச்சை மாற்றாமல் போட்டிருக்கிறேன்.

1. சிபில் சிபில்ங்காவளே, அது என்ன கவர்மெண்டு ஆபீசா?

இல்லை, கம்பெனி. 2000-ஆம் ஆண்டு தொடங்கியது. இப்போது முழுப்பெயர் டிரான்ஸ்யூனியன் சிபில். நகல் எடுப்பதற்கே ஜெராக்ஸ் என்று பேர் விழுந்துவிட்ட மாதிரி, ஸ்கோர் என்றாலே சிபில் என்று ஆகிவிட்டது. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சிஆர்ஐஎஃப் ஹை மார்க் என்று இன்னும் மூன்று கம்பெனிகள் இதே வேலையைச் செய்கின்றன. நாலும் 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் நடப்பவை.

வங்கிகளும் நிதி நிறுவனங்களும் அனுப்புகிற தகவலை அடுக்கி, 300-க்கும் 900-க்கும் நடுவில் ஒரு எண் போடுகிறார்கள். அவ்வளவுதான் அவர்கள் வேலை. "சிபில்ல ரிஜெக்ட் ஆயிட்டு" என்கிறோம், ஆனால் ரிஜெக்ட் செய்தது வங்கி. 750-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் முகம் கொடுத்துப் பேசுவார்கள். குறைந்தது இத்தனை வேண்டும் என்று ரிசர்வ் வங்கி எந்த எண்ணையும் விதிக்கவில்லை. ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு கோடு போட்டுக்கொள்கிறது.

உங்கள் சம்பளம், நிலம், நகை, பேங்க் இருப்பு எதுவும் இந்த எண்ணுக்குள் இல்லை. ஆத்தங்கரையில் பத்துக் கோட்டை விதைப்பாடு வைத்திருப்பவருக்கு 560 இருக்கும். அவர் வயலில் டிராக்டர் ஓட்டுகிறவருக்கு 780 இருக்கும். வாங்கிய கடனைச் சொன்ன தேதியில் கட்டினீர்களா என்பதைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

2. நான் யாருகிட்டயும் ஒத்த ரூவா கடன் வாங்குனதில்ல. அப்போ என் ஸ்கோர் நல்லாத்தான இருக்கும்?

நல்லாவும் இருக்காது, மோசமாகவும் இருக்காது. ஸ்கோரே இருக்காது. அறிக்கையில் மைனஸ் 1 என்றோ, வரலாறு இல்லை என்றோ வரும். சென்னையில் பெரியப்பா மளிகைக் கடையில் பத்து வருசம் நின்றுவிட்டு ஊருக்கு வந்த ஒரு பையன், "கடனே இல்லாதவனுக்கு எதுக்குய்யா கார்டு இல்லைங்காவ" என்று என்னிடம் சண்டைக்கே வந்தான். அவன் கோபம் நியாயம். ஆனால் வங்கிக்கு அவனைப் பற்றி எதுவும் தெரியாது, அதுதான் விசயம்.

வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2025-இல் ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தலை நிதி அமைச்சகம் நாடாளுமன்றத்தில் எடுத்துச் சொன்னது. நடைமுறையில் கவுண்டரில் இதைச் சொல்லி வாதாடுவதைவிட, 10-ஆம் கேள்வியில் வரும் டெபாசிட் கார்டு சுலபம்.

3. ஸ்கோர அடிக்கடி பாத்தா குறையுமாமே?

நீங்கள் பார்த்தால் குறையாது. தினம் பார்த்தாலும் குறையாது. நீங்கள் கடனுக்கோ கார்டுக்கோ மனு போட்டு, வங்கி உங்கள் அறிக்கையை எடுத்துப் பார்த்தால் அது விசாரணை என்று பதிவாகும். ஒன்றிரண்டு என்றால் பாதகமில்லை. வண்ணாரப்பேட்டையில் கடைவாசலில் மேசை போட்டு நிற்கிற பையன்கள் எல்லாரிடமும் ஒரே வாரத்தில் ஆறு படிவத்தில் கையெழுத்துப் போட்டால், "இந்த ஆளுக்குப் பணத்துக்கு என்னவோ நெருக்கடி" என்று தோன்றும். ஸ்கோரும் இறங்கும்.

நாலு கம்பெனியும் வருசத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் இருக்கிற விதி. அவரவர் இணையதளத்தில் பான் எண், பிறந்த தேதி, மொபைலுக்கு வரும் ஓடிபி போதும். மூன்று மாதத்துக்கு ஒன்று என்று நாலு இடத்திலும் மாற்றி மாற்றி எடுத்தால் வருசம் முழுக்கச் சும்மாவே பார்க்கலாம். இதைப் பிரிண்ட் போட்டுக் கொடுத்து 300 ரூபாய் வாங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

4. ரிப்போர்ட்டு கையில இருக்கு. இருவது பக்கம். எங்கன பாக்கணும்?

ஸ்கோரைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடாதீர்கள். எண்ணைப் பார்த்து ஒன்றும் செய்ய முடியாது, உள்ளே இருக்கிற வரிகளை வைத்துத்தான் செய்ய முடியும். ஒவ்வொரு கடனுக்கும் ஒரு கட்டம் இருக்கும். அதில் மூன்று இடம் பாருங்கள்: இப்போதைய பாக்கி, தவணை தாண்டிய பாக்கி, கணக்கின் நிலை. அதன் கீழே மாதவாரியாகச் சின்னச் சின்ன எண்கள், 36 மாதம் வரைக்கும். 000 என்றால் அந்த மாதம் சுத்தம். 030 என்றால் தவணை தாண்டி 30 நாள். 090 என்றால் வங்கி உங்களை வாராக்கடன் பட்டியலுக்குக் கொண்டுபோகிற நேரம். எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அந்த மாதத் தகவல் வரவில்லை என்று அர்த்தம்.

மேலப்பாளையத்தில் டெய்லர் கடை வைத்திருக்கிறவர் ஒருவர். வண்டிக் கடன் கிடைக்கவில்லை என்று அறிக்கையோடு வந்தார். எல்லாக் கட்டமும் சுத்தம். கடைசிக்கு முந்தின பக்கத்தில், ஒரு மிக்ஸியும் கிரைண்டரும் தவணையில் வாங்கிய கடன். பத்துத் தவணையில் ஒன்பது 000. பத்தாவது தவணை எடுக்கிற அன்று கணக்கில் 40 ரூபாய் குறைவு. செக் திரும்பின மாதிரி அதுவும் திரும்பிவிட்டது. பிறகு கடையில் போய் அந்தத் தவணையைக் கட்டிவிட்டார். ஆனால் திரும்பியதற்கான கட்டணம் 500, ஜிஎஸ்டி 90, ஆக 590 ரூபாய் அங்கேயே நின்றது. யாரும் கேட்கவில்லை, அவருக்கும் தெரியாது. இரண்டு வருசமாகக் கணக்கு மூடாமல், தவணை தாண்டிய பாக்கி 590 என்று மாதாமாதம் பதிந்துகொண்டே இருந்தது. மிக்ஸி ரிப்பேராகி மூலையில் கிடக்கிறது என்றார்.

நான் பார்த்த மோசமான அறிக்கைகளில் பாதிக்கு மேல் இந்த ரகம். பெரிய கடனில் ஏமாற்றியவர்கள் குறைவு. முடிந்துவிட்டது என்று நினைத்து முடிக்காமல் விட்டவர்கள்தான் அதிகம். அதனால் கடைசித் தவணை கட்டியதும் நிலுவையில்லாச் சான்று கேட்டு வாங்கி, பட்டா பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வையுங்கள்.

5. நான் வாங்காத கடன் ஒண்ணு என் பேருல காட்டுதே?

நம் பக்கம் இது சாதாரணம். ஒரே தெருவில் நாலு ஆறுமுகம், அதில் ரெண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று. பான் எண் தப்பாக ஏறினாலோ, பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனாலோ ஒருவர் கடன் இன்னொருவர் அறிக்கையில் உட்கார்ந்துவிடும். பான் கார்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராக நிற்பதும், ஆதாரில் சுருங்கி நிற்பதும் குழப்பத்தைக் கூட்டும். ரெண்டையும் ஒன்றாக்கி வையுங்கள்.

சம்பந்தப்பட்ட சிபில் கம்பெனியின் இணையதளத்திலேயே தகராறு பதிவு செய்யலாம், இலவசம். கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் எழுத்தில் ஒரு புகார் அனுப்புங்கள். 30 நாளில் முடிக்க வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவு போட்டது. அப்படியும் அசையவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். 2022 செப்டம்பரிலிருந்து சிபில் மாதிரிக் கம்பெனிகள் மேலேயும் அங்கே புகார் கொடுக்கலாம்.

உங்கள் பான், ஆதார் நகலை வைத்து யாராவது ஆப்பில் கடன் எடுத்திருந்தால் அது வேறு கதை. 1930-க்கு அழைத்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள். அந்தப் புகார் நகலைத் தகராறோடு சேருங்கள்.

6. அடகுக்கடையில நகை இருக்கு, வட்டிக்காரருகிட்டயும் கொஞ்சம் இருக்கு. அதெல்லாம் இதுல வருமா?

வங்கியிலோ நகைக்கடன் நிறுவனத்திலோ வைத்தால் வரும். ஏலத்துக்குப் போனால் அதுவும் கறையாகப் பதியும். "நகைதான் இருக்கே, நமக்கென்ன" என்று வட்டி கட்டாமல் இழுக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தெருமுனை அடகுக்கடையில் வைப்பது வராது. ஒழுங்காகத் திருப்பினாலும் ஸ்கோருக்கு நன்மை இல்லை, திருப்பாவிட்டாலும் கெடுதல் இல்லை.

வட்டிக்காரர் கணக்கும் வராது. ஆனால் அங்கே கட்டுவதற்காக வங்கித் தவணையை நிறுத்துகிறோமே, அது வரும். கந்துவட்டி என்றால் நான் ஸ்கோர் பேசவே மாட்டேன். 2003-லிருந்து தமிழ்நாட்டில் அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை தாங்காமல் ஒரு குடும்பமே நம் ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். திங்கட்கிழமை மனு நாளில் ஆட்சியரிடமும் கொடுங்கள். கார்டு அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

7. தம்பி, நான் பீடி சுத்துதேன். குழுக்கடன் மூணு இருக்கு. அதுக்கும் சிபில் உண்டா?

உண்டு அக்கா. வாரத் தவணைக் கடன் கொடுக்கிற நிறுவனங்கள் ஒவ்வொரு உறுப்பினர் பெயரிலும் தனித்தனியாகத் தகவல் அனுப்புகின்றன. நீங்கள் சரியாகக் கட்டினால் உங்களுக்கு நல்ல பெயர். சிக்கல் எங்கே என்றால், வீட்டுக்கு வீடு பணம் சேர்த்து ஒரு ஆள் கையில் கொடுத்து அனுப்புகிறீர்களே, அங்கே. அவர் கட்ட மறந்தால் உங்கள் பெயரில்தான் நாள் ஏறும். உங்கள் கடன் அட்டையில் ஒவ்வொரு வாரமும் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அட்டை தமிழில் கேட்டு வாங்கலாம், கொடுக்க வேண்டியது அவர்கள் கடமை.

இந்த வகைக் கடன் வருசம் 3 லட்சம் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு. எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 விதி. மூன்று இருக்கிறது என்கிறீர்கள், நாலாவதாக யாராவது பேனாவோடு வந்தால் இந்தப் பாதிக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.

8. மச்சானுக்கு ஜாமீன் கையெழுத்து போட்டேன். அவன் கட்டல. எனக்கும் விழுமா?

விழும். ஜாமீன்தாரர் அறிக்கையிலும் அந்தக் கடன் தெரியும். கட்டாவிட்டால் வங்கி உங்களைக் கேட்க உரிமை உண்டு. கல்யாண வீட்டில் பந்திக்கு நடுவே வாங்குகிற கையெழுத்துதான் பெரும்பாலும் இது. மறுக்க முடியாமல் போட்டுவிட்டால், அந்தக் கடனின் தவணைத் தேதியையும் உங்கள் காலண்டரில் குறித்து வையுங்கள்.

9. செட்டில்மெண்டு பண்ணி முடிச்சாச்சு, லெட்டரும் இருக்கு. பொறவு எதுக்கு லோன் இல்லைங்காவ?

இது என் சொந்தக் கதை. 2012-இல் ஒரு வங்கியின் கார்டில் 38,000 பாக்கி. கட்ட முடியவில்லை. ஒரு நாள் போன் வந்தது: "சார், 22,000 கட்டுங்க, மொத்தமா முடிச்சிரலாம்." பொண்டாட்டி கம்மலை வைத்துக் கட்டினேன். கடிதமும் வந்தது. தலைமுழுகியாச்சு என்று நினைத்தேன். 2017-இல் வீட்டுக்கடனுக்கு வேறு வங்கிக்குப் போனபோது, அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கணக்கின் நிலை: செட்டில்டு. ஸ்கோர் 598.

முடிந்தது வேறு, பேசித் தீர்த்தது வேறு. பேசித் தீர்த்தது என்றால், "இவர் முழுசாகக் கட்டவில்லை, மிச்சத்தை நாங்கள் விட்டுக்கொடுத்தோம்" என்று வங்கி ஊருக்குச் சொல்வதாக அர்த்தம். மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்த்தாலும் குறைத்துக் கட்டியிருந்தால் இதே கதைதான். நான் அந்த வங்கிக்கு எழுதி, விட்டுப்போன 16,000-ஐக் கட்டுகிறேன், நிலையை மாற்றித் தாருங்கள் என்று கேட்டேன். மூன்று கடிதம், ரெண்டு நேர்ப்பேச்சு. பணம் கட்டிய பிறகு நிலுவையில்லாச் சான்று வந்தது. ரெண்டு மாதத்தில் செட்டில்டு போய் குளோஸ்டு ஆனது.

அதனால் உங்களிடம் பணம் இருந்தால் முழுசாகக் கட்டுங்கள். இல்லவே இல்லை என்றால் செட்டில்மெண்ட் பாவம் கிடையாது, மாதாமாதம் வட்டி ஏறுவதைவிட நல்லது. அடுத்த சில வருசம் கதவு அடைபட்டிருக்கும் என்று தெரிந்து செய்யுங்கள். எனக்கு அது தெரியாது, அதுதான் வருத்தம்.

10. இப்ப 580. ஒரு பேங்கும் கார்டு தர மாட்டேங்கு. என்ன செய்ய?

பழைய கணக்குகளை 4, 5, 9-இல் சொன்னபடி முதலில் சரி செய்யுங்கள். ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அப்புறம், டெபாசிட் மேல் கொடுக்கிற கார்டுக்குப் போங்கள். நீங்கள் வங்கியில் ஒரு தொகையை நிரந்தர வைப்பாகப் போடுகிறீர்கள். வங்கி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் 80, 90 சதவீத அளவுக்கு வரம்பு போட்டுக் கார்டு தருகிறது. 20,000 போட்டால் 16,000 அல்லது 18,000 வரம்பு. டெபாசிட்டுக்கு வட்டி பாட்டுக்கு வந்துகொண்டிருக்கும். நீங்கள் கட்டாவிட்டால் டெபாசிட்டை உடைத்து எடுத்துக்கொள்வார்கள். வங்கிக்குப் பயமில்லை என்பதால் ஸ்கோரை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. சம்பளச் சீட்டும் பெரும்பாலும் கேட்பதில்லை.

கிளையில் கேட்கும்போது "கிரெடிட் கார்டு வேணும்" என்று மட்டும் கேட்டால் இல்லை என்பார்கள். "எஃப்டி போட்டு, அது மேல கார்டு வேணும்" என்று சொல்லுங்கள். வருடக் கட்டணம் உண்டா, எந்த சிபில் கம்பெனிக்குத் தகவல் போகிறது என்று ரெண்டு கேள்வி கேளுங்கள். டெபிட் கார்டோ, முன்பணம் ஏற்றுகிற கார்டோ ஸ்கோரைக் கட்டாது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

11. சரி, கார்டு வந்துட்டு. எப்பிடி ஓட்டணும்?

கஞ்சத்தனமாக. 18,000 வரம்பு என்றால் 5,000 ரூபாயைத் தாண்டாமல் செலவழியுங்கள். வரம்பில் 30 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது என்பார்கள். வீட்டு மளிகை, மொபைல் ரீசார்ஜ், ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை கரண்ட் பில் போதும். எப்படியும் செலவழிக்கப் போகிற பணத்தைக் கார்டு வழியாகச் சுற்றவிடுகிறீர்கள், அவ்வளவுதான். ரூபே கார்டாக இருந்தால் யுபிஐ-யில் இணைத்துக் கடை ஸ்கேனிலும் கட்டலாம். தனி ஆள் கணக்குக்கு அனுப்ப முடியாது. டீக்கடைக்காரர் சொந்தக் கணக்கின் ஸ்கேனை ஒட்டியிருந்தால் போகாது.

இரண்டு தேதியைக் குறித்து வையுங்கள்: பில் போடும் தேதி, பணம் கட்டக் கடைசித் தேதி. 2025 ஜனவரி முதல் வங்கிகள் குறைந்தது 15 நாளுக்கு ஒரு முறை சிபிலுக்குத் தகவல் அனுப்புகின்றன. பில் போடும் தேதிக்கு முன்பே பாதியைக் கட்டிவிட்டால், பதிவாகிற பாக்கி சின்னதாக இருக்கும். தானாகப் பிடிக்கிற வசதியைப் போடும்போது "மொத்தப் பாக்கி" என்பதைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கும் தெரியாமல் அங்கே "குறைந்தபட்சத் தொகை" என்று இருக்கும்.

ஏடிஎம்மில் இந்தக் கார்டைச் சொருகாதீர்கள். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, மேலே கட்டணம் வேறு.

12. மினிமம் கட்டுனா போதும்னு பேங்குலயே சொல்லுதாவளே?

ஸ்கோருக்குப் போதும், பைக்குப் போதாது. குறைந்தபட்சத் தொகை கட்டினால் தாமதம் என்று பதியாது, அது உண்மை. மிச்சத்துக்கு வட்டி ஓடும். 20,000 பாக்கி, மாதம் 3.5 சதவீதம் என்றால் வட்டி 700. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 126. ஒரு மாதத்துக்கு 826 ரூபாய் காற்றோடு போகிறது. அதோடு புதிதாக வாங்குகிற சாமானுக்கும் வட்டியில்லா நாள் கிடையாது, வாங்கிய அன்றிலிருந்தே வட்டி.

13. ஒரு நாள் லேட்டாயிட்டு. போச்சா?

போகவில்லை. கடைசித் தேதி தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் கார்டு பாக்கியை சிபிலுக்குச் சொல்லலாம், தாமதக் கட்டணமும் அதற்குப் பிறகுதான் போடலாம் என்று ரிசர்வ் வங்கியின் 2022 விதி இருக்கிறது. வட்டி தனி. இந்த 3 நாள் கார்டுக்குத்தான். வண்டித் தவணை, வீட்டுத் தவணைக்கு இதை நம்பி உட்காராதீர்கள்.

14. எத்தன மாசத்துல 750 வரும்?

தேதி சொல்கிறவனை நம்பாதீர்கள். வரலாறே இல்லாதவருக்கு ஆறு மாதத்துக்குள் ஒரு எண் தெரிய ஆரம்பிக்கும். விழுந்து எழுகிறவருக்கு ஒன்றரை, ரெண்டு வருசம். எனக்கு 598 என்பது 741 ஆக 20 மாதம் ஆனது. முதல் ஐந்து மாதம் ஒரு புள்ளிகூட நகரவில்லை, அப்போதுதான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். பழைய 060, 090 எல்லாம் அழியாது. புது 000-கள் சேரச் சேர, பழையது 36 மாதக் கட்டத்தில் பின்னால் தள்ளிப்போகும்.

15. 5,000 ரூவா குடுத்தா சிபில கிளியர் பண்ணித் தாரோம்னு போஸ்டர் ஒட்டிருக்கான்லா?

தகவலை மாற்றச் சொல்ல கடன் கொடுத்தவரால்தான் முடியும். உண்மையான பாக்கியை சிபில் கம்பெனியே நினைத்தாலும் தானாக அழிக்காது. போஸ்டர்காரர் செய்வது, 5-ஆம் கேள்வியில் சொன்ன இலவசத் தகராறை உங்கள் பெயரில் போடுவதுதான். அதற்கு உங்கள் பான், ஆதார், ஓடிபி எல்லாம் அவர் கையில். 5,000 போனால் பரவாயில்லை, அந்த ஓடிபி போவதை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

16. மூணு வருசம் தாண்டுன கடன் செல்லாதுல்லா? பேசாம விட்டுட்டா?

கோர்ட்டுக்குப் போவதற்குக் காலவரம்புச் சட்டத்தில் பொதுவாக 3 வருசம் என்று இருக்கிறது. அதிலும் நடுவில் ஒரு தொகை கட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தாலோ கணக்கு திரும்ப ஆரம்பிக்கும். அறிக்கைக்கும் இந்த 3 வருசத்துக்கும் சம்பந்தம் கிடையாது. சிபில் கம்பெனிகள் தகவலைக் குறைந்தது 7 வருசம் வைத்திருக்க வேண்டும். தள்ளுபடிக் கணக்கு என்று வங்கி எழுதிவிட்டாலும் கடன் தீர்ந்ததாக ஆகாது. அது வங்கியின் ஏட்டுக்கணக்கு, உங்கள் பெயரில் அப்படியே நிற்கும்.

17. பேங்க் எக்சாமுக்குப் படிக்கேன். காலேஜ் லோன் கட்டல. வேலைக்கு எதுவும் ஆயிருமா?

பாளையங்கோட்டையில் கோச்சிங் போகிற பிள்ளைகள் எல்லாரும் படிக்க வேண்டிய பதில் இது. ஸ்டேட் வங்கியின் தேர்வு அறிவிப்பில், தகுதிப் பகுதியிலேயே இருக்கிறது: கடனோ கார்டு பாக்கியோ தவறவிட்டு, பணிநியமனக் கடிதம் வருவதற்குள் சரி செய்யாதவர்களுக்கு வேலை இல்லை. கட்டிவிட்டு சிபிலில் இன்னும் மாறவில்லை என்றால் வங்கியிடமிருந்து சான்று கொண்டுவர வேண்டும். மூன்று கட்டத் தேர்வும் தேறிவிட்டுக் கடைசியில் இதில் நிற்பது கொடுமை.

கல்விக்கடனில் படிப்புக் காலமும், பிறகு பொதுவாக ஒரு வருசமும் தவணை கிடையாது. அதற்குப் பிறகு ஓட ஆரம்பிக்கும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும். இணைக் கடன்தாரர் என்று கையெழுத்துப் போட்ட அப்பாவின் அறிக்கையிலும் சேர்ந்தே ஏறும். கட்ட முடியவில்லை என்றால் கிளைக்குப் போய்த் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். ஒளிந்துகொள்வதுதான் மோசம்.

18. அவுக கார்டுல எனக்கும் ஒரு கார்டு வாங்கித் தந்திருக்காவ. என் ஸ்கோர் ஏறுமா மைனி?

இது என் மனைவியிடம் பக்கத்து வீட்டுப் பெண் கேட்டது. ஏறாது. கூடுதல் கார்டில் நீங்கள் செலவழித்தாலும் கணக்கு உங்கள் வீட்டுக்காரர் பெயரில்தான். கணவன் மனைவிக்கு ஒரே ஸ்கோர் என்பதும் கிடையாது. சேர்ந்து வாங்கிய கடன் மட்டும் ரெண்டு பேர் அறிக்கையிலும் வரும். உங்களுக்கென்று வரலாறு வேண்டும் என்றால், சீட்டு எடுத்த பணத்தில் உங்கள் பெயரில் ஒரு டெபாசிட் போட்டு 10-ஆம் கேள்வியின்படி போங்கள்.

19. வசூல்காரன் கடையில வந்து நின்னு, யாவாரத்தையே கெடுக்கான். கேக்க நாதியில்லையா?

இருக்கிறது. காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் பாக்கிக்காகப் போன் செய்யக் கூடாது. மிரட்டவோ, ஊர் முன்னால் அவமானப்படுத்தவோ, சொந்தக்காரர்களைத் தொந்தரவு செய்யவோ கூடாது. இது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. வந்தவர் பெயர், நேரம், சொன்ன வார்த்தை எல்லாம் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள். முதலில் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில், 30 நாளில் பதில் இல்லை என்றால் 5-இல் சொன்ன குறைதீர்ப்பாளருக்கு. பாக்கி பாக்கிதான், அதைக் கட்டுகிற வழியையும் அதே கடிதத்தில் எழுதினால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும்.

20. ஸ்கோர் ஏறியாச்சு, எஃப்டி கார்ட மூடிட்டு ரூவாய எடுத்துரலாமா?

எடுக்கலாம், அவசரம் இல்லை என்றால் வேறு சாதாரணக் கார்டு கைக்கு வந்த பிறகு மூடுங்கள். இருக்கிற ஒரே கார்டை மூடினால் புதிதாக எழுத எதுவும் இருக்காது. மூடச் சொல்லி எழுதிக் கொடுத்தால், பாக்கி இல்லாத பட்சத்தில் 7 வேலை நாளில் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் அபராதம் உங்களுக்கு வர வேண்டும். மூடியதற்கு எழுத்தில் சான்று வாங்குங்கள், ஏன் என்று 4-ஆம் கேள்வியில் பார்த்தாச்சு.

21. அண்ணாச்சி, இப்ப 760. லிமிட்ட ஒரு லட்சமாக்கித் தாரோம்னு மெசேஜ் வருது. சரின்னு அமுக்கவா?

கேட்டது அந்த மேலப்பாளையம் டெய்லர்தான். உங்கள் சம்மதம் இல்லாமல் வரம்பை ஏற்றக் கூடாது, அதனால்தான் கேட்கிறார்கள். செலவு பழையபடி 5,000-லேயே நின்றால், வரம்பு கூடுவது ஸ்கோருக்கு நல்லது. ஒரு லட்சத்தில் 5,000 என்பது 5 சதவீதம்தானே. வரம்பைப் பார்த்துச் செலவு வளர்கிற ஆள் என்றால் வேண்டாம்.

அவரிடம் நான் கேட்டது ஒன்றுதான்: மிக்ஸிக் கடன் முடிந்த சான்று எங்கே இருக்கிறது? "பீரோவுல, பட்டாவுக்கு அடியில" என்றார். சரி, அமுக்குங்க என்று சொல்லிவிட்டேன்.